அனல் கசியா மூட்டு

நெருப்பை மூட்ட மனிதன் கற்றுப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆயின. எரிந்து முடிந்த நெருப்பின் கழிவனலைக் குழாய்க்குள் அடைத்து, வழியில் கசியாமல் காத்து, அதைக்கொண்டு ஒரு சுழலியைச் சுழற்றி, அச்சுழலியால் இயந்திரத்திற்கே மீண்டும் வலிமையூட்டக் கற்றது இருபதாம் நூற்றாண்டில்தான். லாரிகளிலும் கப்பல்களிலும் விரைவு மகிழுந்துகளிலும் இன்று இடம்பெற்றுள்ள டர்போ என்னும் கருவியின் வரலாறு இதுவே.

இவ்வரலாற்றை எழுதுவோர் சுழலியைக் கண்டவரைப் போற்றுவர். விரைந்து ஓட்டி வென்றவரையும் போற்றுவர். இயந்திரத்திற்கும் சுழலிக்கும் இடையே கழிவனலைக் கொண்டுசெல்லும் கூட்டுக்குழாயையும், அக்குழாய் இயந்திரத்தோடு பொருந்தும் மூட்டுவாயையும் பேசுவோர் அரியர். பட்டறைகளில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு என வழங்கும் அக்குழாயின் மூட்டு கசியுமாயின் சுழலியின் திறம் குன்றும். சில வேளைகளில் மனித உயிரும் போகும். அந்த மூட்டை அடைக்க மனிதன் பட்ட பாட்டைக் கூறுவதே இக்கட்டுரை.

வீணாகிய செல்வம்

எரியெண்ணெயால் இயங்கும் ஓர் இயந்திரத்தில், எண்ணெய் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கழிவுவாயுவோடு வெளியேறி வீணாகிறது. சமையலறையில் மூன்று விறகுகளில் ஒன்று எரிந்தும் பானைக்குச் சூடு தராமல் புகைபோக்கி வழியே போவதற்கு இதை ஒப்பிடலாம். இவ்வீண்செலவைக் கண்டு வருந்தியவர் பலர். வழி கண்டவர் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியியலார் ஆல்ஃபிரட் பூக்கி. அவர் 1905ஆம் ஆண்டில் தம் கருத்துக்குக் காப்புரிமை பெற்றார்.

கருத்து எளியது. வெளியேறும் வாயு ஒரு சுழலியைச் சுழற்றும். அச்சுழலியின் தண்டிலேயே காற்றை அழுத்தும் மற்றொரு சக்கரம் இருக்கும். அது புறக்காற்றை அழுத்தி இயந்திரத்தின் உருளைகளுக்குள் திணிக்கும். காற்று மிகுந்தால் மிகுந்த எண்ணெயை எரிக்கலாம். அதே அளவுள்ள இயந்திரம் கூடுதலான வலிமை தரும்.

கருத்து எளிதாயினும் செயல் எளிதாக இல்லை. பூக்கி பயன்தரும் வெற்றி காண ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. 1920களின் நடுப்பகுதியில், பிராய்சன், ஹன்சஸ்டாட் டான்சிக் எனும் இரு ஜெர்மானியப் பயணிகள் கப்பல்களின் டீசல் இயந்திரங்களில் அவருடைய முறை பொருத்தப்பட்டது. 1,750 குதிரைத்திறன் தந்த இயந்திரம் 2,500 குதிரைத்திறன் தந்தது.

டர்போவின் வெற்றிக்குக் கூட்டுக்குழாயும் ஒரு காரணமாகும். உருளைகள் அனைத்தின் வாயுவையும் ஒரே பெருங்குழாயில் கலக்கவிட்டால் ஒன்றின் மூச்சு மற்றொன்றின் மூச்சைத் தடுக்கும். ஆகவே ஒன்றோடொன்று மோதாத முறையில் உருளைகளைப் பகுத்து, ஒவ்வொரு பகுப்புக்கும் குறுகலான தனிக்குழாய் அமைத்து, வாயுவின் துடிப்பு தணியாமல் சுழலியை அடையுமாறு பூக்கி செய்தார். குழாய் என்பது வாயு செல்லும் வெறும் பாதையன்று. அதுவும் இயந்திரத்தின் ஓர் உறுப்பே என்பதை உலகம் அன்று அறிந்தது.

மலையுச்சியும் வானமும்

கப்பலுக்குப் பயன்பட்ட இக்கருவி விமானத்திற்கு இன்றியமையாததாயிற்று. உயரம் கூடக்கூடக் காற்று மெலியும். காற்று மெலிந்தால் இயந்திரம் இளைக்கும். முதல் உலகப் போரின்போது பிரெஞ்சு நாட்டின் ஓகுஸ்த் ரத்தோ விமான இயந்திரத்தில் டர்போவைப் பொருத்தி ஆராய்ந்தார். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த சான்ஃபோர்ட் மாஸ் 1918ஆம் ஆண்டில் லிபர்ட்டி எனும் விமான இயந்திரத்தை லாரியில் ஏற்றி, கொலராடோ மாநிலத்தில் 14,000 அடிக்கு மேல் உயர்ந்த பைக்ஸ் மலையுச்சிக்குக் கொண்டு சென்றார். தரையில் 350 குதிரைத்திறன் தந்த அவ்வியந்திரம் உச்சியில் டர்போ இன்றி 230 மட்டுமே தந்தது. டர்போவைப் பொருத்தியதும் 356 தந்தது. மெலிந்த காற்றிலும் தரையின் வலிமை குன்றாது என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

1920ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அமெரிக்கப் படைவிமானி ருடால்ஃப் ஷ்ரோடர், டர்போ பொருத்திய விமானத்தில் 33,000 அடிக்கு மேல் பறந்து உயரச் சாதனை படைத்தார். உயிர்வளி தடைப்பட்டு நினைவிழந்து வீழ்ந்து, தரையை நெருங்குகையில் நினைவு பெற்று அவர் உயிர் தப்பியது தனி வரலாறு.

இரண்டாம் உலகப் போரில் டர்போ ஆயிரக்கணக்கான விமானங்களில் இடம்பெற்றது. பி-47 தண்டர்போல்ட் எனும் போர் விமானத்தில் இயந்திரம் மூக்கிலும் டர்போ விமானியின் பின்னே உடற்பகுதியிலும் இருந்தன. எனவே கொதிக்கும் வாயுவை விமானத்தின் நீளத்தில் பெரும்பகுதிக்குக் குழாய் வழியே கொண்டுசெல்ல வேண்டியதாயிற்று. அத்தனை நீளக் குழாய் சூடேறி நீள்வதற்கு இடம் வேண்டும். அதே வேளையில் வாயுவும் கசியலாகாது. சாதாரண எஃகு அவ்வனலைத் தாங்காது என்பதால், நிக்கலும் குரோமியமும் கலந்த இன்கொனெல் எனும் உலோகக்கலவை விமானங்களின் வெளியேற்றக் குழாய்களுக்குப் பயன்பட்டது. சுழலியின் இதழ்களுக்கோ, செயற்கைப் பல் கட்டுவதற்காக உருவாக்கப்பட்ட விட்டாலியம் எனும் கலவை கைகொடுத்தது. பல் மருத்துவருக்கு உதவிய உலோகம் போர் விமானத்திற்கும் உதவியது விந்தையே!

குழாய்களை விரைவாக இணைக்கவும் கழற்றவும் உதவிய ஆங்கில வி எழுத்து வடிவ வளையக் கவ்வியும் அக்காலத்தில் பரவியது. இரு குழாய்களின் விளிம்புகளையும் சுற்றி வளைத்து, ஒரே திருகால் நாற்புறமும் சமமாக இறுக்குவது அதன் சிறப்பு. அதைச் செய்து விற்றோருள் ஒருவர், நகைச்சுவைத் திரைப்படங்களில் நடித்துப் புகழ்பெற்ற மார்க்ஸ் சகோதரர்களுள் இளையவரான ஸெப்போ மார்க்ஸ். அவருடைய நிறுவனத்தின் பெயரால் அக்கவ்வி மார்மன் கவ்வி என்றே இன்றும் வழங்குகிறது.

மூட்டின் சிக்கல்

இத்தனை அறிவும் உழைப்பும் ஒரு மூட்டுக்கு வேண்டுமா எனும் ஐயம் மாணவர்க்கு எழக்கூடும். ஒரு சிறு கணக்கு அவ்வையத்தைத் தீர்க்கும்.

நான்கு உருளைகள் கொண்ட ஓர் இயந்திரத்தின் கூட்டுக்குழாய் 50 செண்டிமீட்டர் நீளமுடையது எனக் கொள்வோம். வார்ப்பிரும்பு, வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறும்போதெல்லாம் தன் நீளத்தைப் பத்து இலட்சம் பங்காக்கினால் ஏறத்தாழ 12 பங்கு நீளும். குழாயின் வெப்பம் 600 டிகிரி ஏறுமாயின் அது 3.6 மில்லிமீட்டர் நீளும். துருப்பிடிக்காத எஃகாயின் 12க்குப் பதில் ஏறத்தாழ 18 பங்கு, ஆகவே 5.4 மில்லிமீட்டர் நீளும். அக்குழாய் பொருந்தியிருக்கும் உருளைத்தலையோ பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. அலுமினியம் இவற்றைவிட மிகுதியாக, ஏறத்தாழ 23 பங்கு நீளும் இயல்புடையது. எனினும் உள்ளே ஓடும் குளிர்நீர் அதன் வெப்பத்தை அடக்கி வைப்பதால் 80 டிகிரி அளவே ஏறும். நீட்சியும் ஒரு மில்லிமீட்டருக்கு உட்பட்டே நிற்கும்.

ஆக, தோளோடு தோள் சேர்த்துத் திருகப்பட்ட இரு உலோகங்களில் ஒன்று மூன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நடக்க விரும்புகிறது. மற்றொன்று ஒரு மில்லிமீட்டரோடு நின்றுவிடுகிறது. இயந்திரம் அணைந்ததும் இரண்டும் பழைய நிலைக்கு மீள்கின்றன. ஒவ்வொரு பயணத்திலும் இது நிகழ்கிறது. நடக்க விடாமல் முழு வலிமையோடு இறுக்கினால் ஒன்று திருகுத்தண்டு முறியும், அல்லது குழாய் வளையும், அல்லது வெடிக்கும். அஞ்சித் தளர்த்திவிட்டால் வாயு கசியும். இதுவே மூட்டின் சிக்கல்.

மாட்டுவண்டிச் சக்கரத்திற்கு இரும்புப் பட்டை கட்டும் கொல்லரை அறிந்தோர்க்கு இது புதிதன்று. பட்டையைத் தணலில் பழுக்கவைத்து, அது விரிந்திருக்கும்போதே மரச்சக்கரத்தில் ஏற்றி நீர் ஊற்றுவார். பட்டை சுருங்கிச் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். கொல்லருக்குத் துணைநின்ற அதே இயல்புதான் இயந்திரப் பொறியியலாருக்குப் பகையாக வந்து நின்றது.

டர்போ இல்லாத இயந்திரத்தில் கழிவுவாயு தடையின்றி வெளியேறிவிடும். மூட்டில் சிறிது கசிந்தாலும் இரைச்சலே பெரிது. டர்போ உள்ள இயந்திரத்திலோ சுழலி வழிமறித்து நிற்பதால் குழாய்க்குள் அழுத்தம் ஏறும். பெட்ரோல் இயந்திரத்தில் வாயுவின் வெப்பம் 950 டிகிரியையும் தாண்டும். மேலும், கனத்த டர்போவே பல இயந்திரங்களில் அக்குழாயில் தொங்குகிறது. அழுத்தம், அனல், பாரம், அதிர்வு ஆகிய நான்கும் ஒரு விரல் அகலமுள்ள மூட்டுவாயின்மேல் வந்து சுமக்கின்றன. அங்கே கசியும் வாயு சுழலிக்குச் சேரவேண்டிய ஆற்றலைக் குறைக்கும். அருகிலுள்ள மின்கம்பியை உருக்கும். எண்ணெயின்மேல் பட்டால் தீயும் மூட்டும். நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு நச்சுவாயு பயணிகள் இருக்கும் அறைக்குள் புகுந்தால் உயிரையே பறிக்கும்.

இது பழங்கதையுமன்று. டர்போ பொருத்திய சிறு விமானங்களில் வளையக் கவ்விகள் முறிந்து நேர்ந்த விபத்துகளையொட்டி, குறிப்பிட்ட வகைக் கவ்விகளுக்கு வாழ்நாள் வரம்பு விதித்து, அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் 2023ஆம் ஆண்டில்தான் ஆணை பிறப்பித்தது.

கல்நார் தந்த விடையும் வாங்கிய விலையும்

புட்டு அவிக்கும் தாய்மார் குடத்தின் கழுத்துக்கும் குழலுக்கும் இடையே ஈரத்துணி சுற்றுவர். இரு கடினப் பொருள்களுக்கிடையே ஆவி கசியாதிருக்க மென்மையான ஒன்று வேண்டும் என்பது அவர்கள் அறிந்த உண்மை. பட்டறையில் கேஸ்கெட் எனப்படும் அடைப்புத்தகடும் அத்தொழிலையே செய்கிறது. ஆனால், செந்தணலுக்கு நடுவில் எரியாத துணிக்கு எங்கே போவது?

அதற்கு இயற்கை வைத்திருந்த விடை கல்நார். கல்லிலிருந்து எடுக்கப்படினும் பஞ்சுபோல் இழையாகப் பிரியும்; நெசவும் செய்யலாம்; நெருப்பிலும் எரியாது; விலையும் மலிவு. செம்பு அல்லது எஃகுத் தகடுகளுக்கிடையே கல்நாரை வைத்து அழுத்திச் செய்த அடைப்புத்தகடுகள் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இயந்திர உலகை ஆண்டன. மூட்டு எவ்வளவு கரடுமுரடாயினும் கல்நார் நசுங்கி இடைவெளியை நிரப்பியது.

நிரப்பியது இடைவெளியை மட்டுமன்று, மனிதரின் நுரையீரலையும்தான். இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் கல்நார் ஆலையில் வேலை செய்த நெல்லி கெர்ஷா எனும் பெண்மணி 1924இல் மாண்டார். அவருடைய நுரையீரலில் கல்நார்த் துகள்கள் படிந்திருந்தமையை மருத்துவர் வில்லியம் குக் எடுத்துரைத்தார். 1930இல் வெளிவந்த அரசாங்க அறிக்கை ஒன்று கல்நார் ஆலைத் தொழிலாளரிடையே நுரையீரல் நோய் பரவியிருந்ததை உறுதிப்படுத்தியது. மறு ஆண்டே அந்நாட்டில் ஆலைகளுக்குச் சட்டவிதிகள் பிறந்தன. 1964இல் அமெரிக்க மருத்துவர் இர்விங் செலிகாஃப், கல்நாரைக் கையாண்ட தொழிலாளர் புற்றுநோயால் மிகுதியாக மாள்வதை எடுத்துக்காட்டினார்.

நோய் உடனே வெளிப்படுவதில்லை. இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் மறைந்திருக்கும். இளமையில் பழைய அடைப்புத்தகட்டைச் சுரண்டி, கம்பித் தூரிகையால் தேய்த்து, துகளைக் காற்றால் ஊதித் தள்ளிய பட்டறைத் தொழிலாளி முதுமையில் மூச்சுக்குத் திணறும்போது, நோய்க்கும் தொழிலுக்கும் உள்ள தொடர்பு அவருக்கே மறந்திருக்கும். 1924இல் எழுந்த எச்சரிக்கைக்கும் ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் விதித்த முழுத்தடைக்கும் இடையே எண்பத்தோர் ஆண்டுகள் ஓடின. ஒரு காலத்தில் கல்நாரை உலகுக்கு வாரி வழங்கிய கனடா 2018இல்தான் தடைவிதித்தது. கல்நார் எனும் பொருள்படும் ஆங்கிலப் பெயரையே தாங்கியிருந்த கியூபெக் மாநிலச் சுரங்க நகரம், 2020இல் தன் பெயரையே மாற்றிக்கொண்டது.

வாயு கசியாமல் மூட்டு காத்தது. அதைச் செய்த கைகளையும் கழற்றிய கைகளையும் காக்க மறந்தோம். டர்போவின் வரலாற்றில் வெற்றியாளர் பெயர்களோடு இவ்வுண்மையும் சேர்த்து எழுதப்படவேண்டும்.

பந்தயத் திடலில்

போருக்குப் பின் டர்போ தரைக்கு இறங்கியது. 1954இல் சுவீடனின் வோல்வோ நிறுவனம் லாரியில் அதைப் பொருத்தியது. 1962இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், கோர்வேர் மொன்சா ஸ்பைடர் ஆகிய மகிழுந்துகள் டர்போவோடு விற்பனைக்கு வந்தன. 1973இல் பி.எம்.டபிள்யூ. 2002 டர்போவும் அதனையடுத்து போர்ஷே 911 டர்போவும் ஐரோப்பியச் சாலைகளுக்கு வந்தன.

எனினும் மூட்டின் வலிமையைக் கடுமையாகச் சோதித்தவை பந்தயத் திடல்களே. 1977ஆம் ஆண்டு சில்வர்ஸ்டோன் பந்தயத்தில் பிரெஞ்சு ரெனோ நிறுவனம் 1.5 லிட்டர் டர்போ இயந்திரத்துடன் பார்முலா ஒன் போட்டியில் இறங்கியது. மஞ்சள் வண்ணம் பூசிய அவ்வண்டி பழுதுபட்டுப் புகை கக்கி நிற்பதைக் கண்டு, மற்றவர் அதை மஞ்சள் தேநீர்க் கெண்டி என எள்ளி நகைத்தனர். ரெனோ தளரவில்லை. ஒரு பெரிய டர்போவுக்குப் பதில், உருளை வரிசைக்கு ஒன்றாக இரு சிறு டர்போக்களைப் பொருத்தியது. குழாய்கள் குறுகின, வாயு விரைந்து சுழலியை அடைந்தது. 1979 ஜூலையில் டிஜோன் நகரில் ழான் பியேர் ழபூய் அவ்வண்டியை வெற்றிக்கு ஓட்டினார். நகைத்தோரும் டர்போவுக்கு மாறினர். 1983இல் நெல்சன் பிக்கே, பி.எம்.டபிள்யூ. டர்போ இயந்திரத்தால் உலக வீரரானார். சிறு இயந்திரங்களின் வலிமை 1,000 குதிரைத்திறனையும் தாண்டுவதாகக் கணிக்கப்பட்டது. 1989இல் டர்போ தடைசெய்யப்பட்டு, 2014இல் மீண்டும் வந்தது. அவ்வாண்டு மலேசியாவின் செப்பாங் திடலிலும் சிங்கப்பூரின் தெருக்களிலும் அவ்வோசையை மக்கள் கேட்டனர்.

இடங்கொடுத்து மூடுதல்

இத்தனை ஆண்டுகாலப் பட்டறிவு கண்ட உண்மை ஒன்றுண்டு. மூட்டைக் காப்பது முரட்டு இறுக்கமன்று, அளவறிந்து இடங்கொடுப்பதே. இரயில் தண்டவாளங்களைப் பதித்தோர் இடையே சிறு இடைவெளி விட்டது எதற்காகவோ, அதற்காகவே கூட்டுக்குழாயும் அமைக்கப்படலாயிற்று.

குழாயின் நடுத்துளை திருகுத்தண்டுக்குச் சரியாகவும், ஓரத்துளைகள் சற்றே பெரிதாகவும் துளைக்கப்பட்டன. நடுப்பகுதி நிலைத்து நிற்க, ஓரங்கள் இருபுறமும் வழுக்கி நகரும். பெரிய டீசல் இயந்திரங்களில் கூட்டுக்குழாயையே இரண்டு மூன்று துண்டுகளாக்கி, ஒன்றனுள் ஒன்று செருகி, இடையே எஃகு வளையங்கள் இட்டனர். சிலவற்றில் துருத்திபோல் மடிந்து விரியும் எஃகுக் குழல்கள் அமைந்தன. குட்டையான தண்டுக்கு மாற்றாக நீண்ட திருகுத்தண்டு, குழல் உறையுடன் இடப்பட்டது. நீண்ட தண்டு வில்நாண்போல் சற்றே இழுபட்டு நின்று, உலோகம் விரியினும் சுருங்கினும் பிடியை விடாது. டர்போவின் பாரத்தைத் தாங்கத் தனித் தாங்கி அமைக்கப்பட்டது.

கல்நாரின் இடத்திற்கு, பல மெல்லிய எஃகுத் தகடுகளை அடுக்கிய அடைப்புத்தகடு வந்தது. அத்தகடுகளில் துளையைச் சுற்றி மெல்லிய மேடு எழுப்பப்பட்டிருக்கும். இறுக்கும்போது அம்மேடு நசுங்கும். விலகினால் வில்போல் எழுந்து இடைவெளியை நிரப்பும். கல்நார் நசுங்கி அடைத்தது. இதுவோ மீண்டெழுந்து அடைக்கிறது. ஆனால் இத்தகடு கரடுமுரடான பரப்பைப் பொறுக்காது. மூட்டுவாய்கள் இரண்டும் சமதளமாகவும் தூய்மையாகவும் இருத்தல் வேண்டும். பொருளின் மென்மை முன்பு மறைத்த குறையை, இன்று தொழிலாளியின் செம்மையே நீக்கவேண்டியுள்ளது.

நல்ல தொழிலாளி பழைய தகட்டை மீண்டும் இடார். நேர்கோலை வைத்து மூட்டுவாயின் வளைவை அளப்பார். நட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் மாறிமாறி, ஒரே மூச்சில் அல்லாமல் இரண்டு மூன்று சுற்றுகளில், விதிக்கப்பட்ட அளவுக்கு இறுக்குவார். ஓர் ஓரத்திலிருந்து இறுக்கிச் சென்றால் தகடு மறுபுறம் அலையாய் எழும் என்பதை அவர் அறிவார்.

மூட்டே இல்லாத மூட்டு

அண்மைக்காலத்தில் பொறியியலார் இன்னொரு படி ஏறினர். கசிகின்ற மூட்டை எவ்வாறு அடைப்பது என்று கேட்டவர்கள், அம்மூட்டு எதற்கு என்றே கேட்கலாயினர். கூட்டுக்குழாயை உருளைத்தலையோடு ஒரே வார்ப்பாக வார்த்து, சுற்றிலும் குளிர்நீர் ஓடவிட்டனர். 2012இல் வெளிவந்த ஃபோர்டு நிறுவனத்தின் 1 லிட்டர் ஈக்கோபூஸ்ட் இயந்திரம் அவ்வகையது. நான்கு, ஐந்து வாய்களில் இருந்த கவலை டர்போவோடு சேரும் ஒரே வாயாகக் குறைந்தது. வாயு சற்றுக் குளிர்வதால் சுழலியும் நெடுநாள் உழைக்கும்.

மலேசியாவிலும் புரோட்டோன் நிறுவனம் 2012இல் பிரேவே மகிழுந்திலும், பெரோடுவா நிறுவனம் 2021இல் அத்திவா மகிழுந்திலும் டர்போ இயந்திரங்களை விற்பனைக்குக் கொணர்ந்தன. ஒரு காலத்தில் போர் விமானத்திற்கும் பந்தய வண்டிக்கும் உரியதாய் இருந்தது, இன்று பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிவரும் வண்டியிலும் ஓடுகிறது. அதன் மூட்டுவாய் கசியாதிருக்க, சிற்றூர்ப் பட்டறையில் அமர்ந்துள்ள இளைஞர் ஒருவரின் கையும் கண்ணும் செம்மையாயிருத்தல் வேண்டும்.

பூக்கியின் காப்புரிமைக்கும் இவ்வண்டிகளுக்கும் இடையே நூறாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு கிடக்கிறது. அதில் பெயர் பொறிக்கப்பட்டோர் சிலரே. கல்நார் ஆலையில் இருமியவர், குழாயைத் தேய்த்துச் சமப்படுத்தியவர், நட்டை நடுவிலிருந்து இறுக்கக் கற்றுக்கொடுத்தவர் ஆகியோருள் பெரும்பாலோரின் பெயர்கள் எந்நூலிலும் இல்லை. வாயு வெளியே தெரியாமல் செல்வதே நல்ல மூட்டின் இலக்கணம். அம்மூட்டைக் காத்தவர்களும் அவ்வாறே வெளியே தெரியாமல் சென்றனர். தொழிற்கல்வி பயிலப்போகும் மாணவர்க்கு இவ்வரலாற்றைச் சொல்லும் ஆசிரியர், சுழலியைக் கண்டவரோடு இவர்களையும் சேர்த்தே சொல்லுதல் முறையாகும்.